தாது வருஷப் பஞ்சத்தில் தவித்த புதுக்கோட்டைக்குக் குளம் தந்த திவான் சேஷையா சாஸ்திரி

புதுக்கோட்டை:

புதுக்கோட்டை டவுனுக்கு வந்து போகிறவர்களுக்கு பல்லவன்குளமும் தெரியும், புதுக்குளமும் தெரியும். சாந்தநாதசுவாமி கோவிலுக்குப் போகிறவர்கள் பல்லவன்குளத்தைத் தாண்டாமல் போக முடியாது. ஆனால் இந்த இரண்டு குளத்தோடும் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு மனிதரின் பெயர் இன்றைய இளவட்டங்களில் பலருக்குத் தெரியாது.

அவர்தான் சர் ஏ.சேஷையா சாஸ்திரி. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1878 முதல் 1894 வரை 16 வருஷம் நிர்வாகம் செய்தவர். ஆறு பாயாத வறண்ட சீமையில் தண்ணிக்கு வழி பார்த்தவர். காவிரித் தண்ணி எப்போது வரும் என்று மாவட்டமே காத்திருக்கும் இந்த நேரத்தில், அவருடைய கதை தெரிந்து கொள்ள வேண்டிய ஒன்று.

காவிரிக் கரையில் பிறந்தவர்

சேஷையா சாஸ்திரி 1828-ம் ஆண்டு மார்ச் 22-ந்தேதி பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் அமராவதி என்ற கிராமத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். புரோகிதம், வேதம் என்று இருந்த வீடு. சொத்து, சுகம் எதுவும் கிடையாது.

சிறு வயதிலேயே சென்னைக்கு அழைத்து வரப்பட்டார். அப்போது சென்னையில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த ஹைஸ்கூலில் பவல் என்ற வெள்ளைக்கார வாத்தியாரிடம் இங்கிலீஷ் படித்தார். அந்தப் பள்ளிக்கூடம்தான் பிற்பாடு மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பின்னாளில் திருவிதாங்கூர், பரோடா திவானாகப் பெயர் எடுத்த டி.மாதவராவும் அதே பள்ளியில் படித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

படிப்பு முடிந்ததும் சேஷையா சாஸ்திரிக்கு வருவாய்த் துறையில் சின்ன வேலை கிடைத்தது. அங்கிருந்து படிப்படியாக ஏறினார். கிருஷ்ணா ஆற்றுப் படுகையில் உள்ள மசூலிப்பட்டினத்தில் வேலை பார்த்தார். சொந்தச் சீமையான தஞ்சாவூரிலும் வேலை பார்த்தார். நிலவரி, பட்டா, வாய்க்கால், விளைச்சல் இந்த நாலும் அவருக்கு அத்துபடி ஆனது இந்த வருஷங்களில்தான்.

1872-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் பதவி தேடி வந்தது. 1877 வரை அங்கே இருந்தார். அது வருஷத்தில் இரண்டு பருவ மழையும் கொட்டுகிற ஊர்.

பிறந்தது காவிரிப் பாசனத்தில். வேலை கற்றது கிருஷ்ணா பாசனத்தில். திவான் ஆனது மலையாளத்து மழையில். இப்படித் தண்ணீர் உள்ள சீமைகளிலேயே 50 வயது வரை காலம் தள்ளியவர், அதன் பிறகுதான் வானம் பார்த்த பூமிக்கு வந்து சேர்ந்தார்.

செத்து மடிந்த ஜனங்கள்

அவர் வந்த நேரம் சாதாரண நேரம் அல்ல. 1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷம் அது. கிழவிகள் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிச் சொல்லி அழுத தாது வருஷப் பஞ்சம் அப்போதுதான் வந்தது. 1878 வரை தென்னிந்தியாவைப் போட்டு வாட்டியது. வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள் என்று கணக்கு சொல்கிறார்கள்.

நிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் போதும் என்று 1877-ல் அதிகாரிகள் கணக்குப் போட்ட கொடுமையும் நடந்தது. சென்னையில் உள்ள பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி இந்தப் பஞ்சக் கூலிகளால் வெட்டப்பட்டதுதான்.

புதுக்கோட்டை சமஸ்தானமும் தப்பவில்லை. 1871-ல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கில் இங்கே சுமார் 3 லட்சத்து 16 ஆயிரம் பேர் இருந்தார்கள். 10 வருஷம் கழித்து 1881-ல் எடுத்த கணக்கில் சுமார் 3 லட்சத்து 2 ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். கூட வேண்டிய தலைகள் 14 ஆயிரம் குறைந்து விட்டன. செத்தவர்கள் போக, பஞ்சம் பிழைக்க ஊரை விட்டுப் போனவர்களும் உண்டு.

அப்போது மன்னராக இருந்தவர் ராமச்சந்திர தொண்டைமான். சமஸ்தானம் கடனில் தத்தளித்தது. செலவு வரவை மீறியது. நிர்வாகம் சரியில்லை என்று வெள்ளைக்கார அரசாங்கம் மன்னரைக் கண்டித்துக் கொண்டே இருந்தது. இந்த நிலையில்தான் 1878-ல் சேஷையா சாஸ்திரி வரவழைக்கப்பட்டார். முதலில் அவருக்குக் கொடுக்கப்பட்ட பதவியின் பெயர் சர்க்கேல். பிறகுதான் அது திவான் என்று மாறியது.

வந்து இறங்கியவர் கண்ட சீமை எப்படி இருந்தது? சுமார் 1,178 சதுர மைல் பரப்பு. வருஷம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றுகூட கிடையாது. வெள்ளாறு உண்டு. மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பிழைப்பு. அந்த 2, 3 மாதத்து மழையைப் பிடித்து வைக்க ஊருக்கு ஊர் கண்மாய், குளம், ஊருணி.

முன்னோர் செய்த வேலை

இந்தக் கண்மாய்கள் நேற்று இன்று வந்தவை அல்ல. முத்தரையர், சோழர் காலத்திலேயே இந்தச் சீமையில் குமிழித் தூம்பு வைத்து மடை கட்டியிருக்கிறார்கள். குளத்துக்குள் நிற்கும் அந்தக் கல் தூண்களை இப்போதும் பல ஊர்களில் பார்க்கலாம். சிலவற்றில் கட்டியவர் பெயரையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

மேட்டில் பெய்யும் மழை வரத்துவாரி வழியாக முதல் கண்மாய்க்கு வரும். அது நிறைந்ததும் கலிங்கு வழியாக வழிந்து கீழே உள்ள அடுத்த கண்மாய்க்குப் போகும். அதுவும் நிறைந்தால் அதற்கு அடுத்தது. இப்படிச் சங்கிலி போலப் போய் கடைசியில் ஆற்றிலோ கடலிலோ சேரும்.

இதில் நடுவில் ஒரு கண்மாய் தூர்ந்து போனாலும், ஒரு வாரி அடைபட்டாலும், கீழே உள்ள அத்தனை ஊருக்கும் தண்ணி கிடையாது. இதுதான் இதன் பலம், இதுவே இதன் பலவீனம்.

கண்மாயைப் பார்த்துக் கொள்வது ஊரின் வேலை. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து மண் அள்ளிப் போட வேண்டும். இதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஊர் பலமாக இருக்கும் வரை இது நடக்கும். பஞ்சம் வந்து ஊரே காலியானால் மண் அள்ள ஆள் ஏது?

அமானி முறைக்கு முழுக்கு

சேஷையா சாஸ்திரி முதலில் கை வைத்தது குளத்தில் அல்ல, வரியில். அதற்குக் காரணம் இருந்தது.

அன்று சமஸ்தானத்தில் அமானி என்ற முறை இருந்தது. விளைந்த நெல்லில் பாதியைப் போல சர்க்கார் பங்காக எடுத்துக் கொள்ளும். விவசாயி தன் வயலைத் தானே நினைத்த நேரத்தில் அறுக்க முடியாது. சர்க்கார் ஆள் வர வேண்டும், களத்தில் அளக்க வேண்டும். அதுவரை காவல்காரன் வயலில் நிற்பான். அவனுக்கு ஒரு பங்கு, அளப்பவனுக்கு ஒரு பங்கு, களஞ்சியத்துக்கு வண்டி கட்டுகிறவனுக்கு ஒரு பங்கு. இப்படி வழியிலேயே பாதி காணாமல் போகும்.

விவசாயிக்கும் லாபம் இல்லை, கஜானாவுக்கும் லாபம் இல்லை. மழை பெய்த வருஷம் நெல் மலை போல் குவியும். பொய்த்த வருஷம் கஜானா காலி. அடுத்த வருஷம் கையில் எவ்வளவு பணம் இருக்கும் என்றே தெரியாத சர்க்கார், 10 வருஷத்துக்கு எங்கே திட்டம் போடுவது?

சேஷையா சாஸ்திரி அமானியை ஒழித்தார். நிலத்துக்கு இவ்வளவு என்று ரொக்கமாக வரி நிர்ணயித்தார். வரியைக் கட்டி விட்டால் விளைச்சல் முழுதும் விவசாயிக்கு. 1888-ல் இனாம் நிலங்களையும் கணக்கெடுத்து ஒழுங்கு செய்தார்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. அமானியில் மழை இல்லாவிட்டால் சர்க்காருக்கும் நஷ்டம், விவசாயிக்கும் நஷ்டம். ரொக்க வரியில் அப்படி அல்ல. வயல் காய்ந்தாலும் கெடு தேதி வந்து விடும். ஆகவே கண்மாயில் தண்ணி நிற்பது முன்பைவிட விவசாயிக்கு முக்கியம் ஆனது. வரி சீர்திருத்தமும் தண்ணீர் வேலையும் ஒன்றை விட்டு ஒன்று நிற்காது என்பது இதனால்தான்.

டவுனுக்குக் குளம்

கஜானா நிமிர்ந்ததும் வேலைகள் தொடங்கின. புதுக்கோட்டை டவுன் நேர் நேரான அகலத் தெருக்களோடு இருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். 1812-ல் ஊர் தீப்பிடித்து எரிந்த பிறகு, பிளாக்பர்ன் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் யோசனைப்படி போடப்பட்ட தெருக்கள் அவை.

ஆனால் தெரு நேராக இருந்தால் போதுமா? குடிக்கத் தண்ணி வேண்டாமா? சேஷையா சாஸ்திரி வந்தபோது டவுன் குளங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. குளிப்பது, துவைப்பது, மாடு கழுவுவது, குடிப்பது எல்லாம் ஒரே தண்ணியில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காலராவும் பேதியும் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைத் தூக்கிய காலம் அது.

ஊர் நடுவில் உள்ள பல்லவன்குளத்தைச் சீர் செய்தார். புதுக்குளமும் அவருடைய காலத்து வேலைதான். டவுன் ஜனங்களின் குடிதண்ணீருக்காகவே ஒரு பெரிய நீர்த்தேக்கம் என்ற நோக்கத்தோடு அது உருவானது. சாலைகள் வந்தன. சர்க்கார் ஆபீஸ்களுக்குக் கட்டடங்கள் எழும்பின. ரயில் என்ற பேச்சே இல்லாத ஊர் அது. புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ல்தான். கல்லும் சுண்ணாம்பும் மரமும் மாட்டு வண்டியில் வர வேண்டிய காலத்தில் இத்தனையும் நடந்தது.

அதே நேரத்தில் இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் காலத்தில் குளத்துத் தண்ணீர் எல்லா ஜாதிக்கும் ஒன்று போலக் கிடைத்ததில்லை. மண் சுமந்து கரை போட்டவர்களில் பலர், அதே குளத்தில் குடம் வைத்து மொள்ள முடியாதவர்கள். தண்ணீரைத் தேக்குவது ஒரு வேலை என்றால், தேக்கிய தண்ணீரை எல்லாருக்கும் கொடுப்பது இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலை அவர் காலத்தில் முடியவில்லை.

சின்ன ராஜாவுக்குப் பாதுகாவலர்

1886-ல் மன்னர் ராமச்சந்திர தொண்டைமான் காலமானார். அடுத்து பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அப்போது சிறுவன். ராஜா வளரும் வரை சமஸ்தானத்தை நடத்தும் பொறுப்பும் சேஷையா சாஸ்திரி தலையிலேயே விழுந்தது. திவானும் அவரே, ரீஜெண்டும் அவரே. 8 வருஷம் கிட்டத்தட்ட ராஜா மாதிரிதான் அதிகாரம்.

அந்த அதிகாரம் கையில் இருந்த காலத்தில் ஜனத்தொகைக் கணக்கு மறுபடி எடுக்கப்பட்டது. 1891-ல் சமஸ்தானத்தில் சுமார் 3 லட்சத்து 73 ஆயிரம் பேர். 10 வருஷத்தில் 70 ஆயிரம் பேர் கூடுதல். பஞ்சத்தில் ஓடியவர்கள் திரும்பினார்கள், மழையும் கை கொடுத்தது. இதற்கு முழுப் பெருமையும் ஒரு மனிதருக்குச் சேராது. ஆனாலும் திரும்பி வந்தவர்களுக்கு ஒழுங்கான ஒரு நிர்வாகம் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

1894-ல் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் முழு அதிகாரம் ஏற்றார். சேஷையா சாஸ்திரி பொறுப்பை ஒப்படைத்து விட்டு விடைபெற்றார். மறுபடியும் காவிரிக் கரைக்கே, கும்பகோணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1902-ல் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. அதே வருஷம் அவருடைய வாழ்க்கை வரலாற்றை காமேஸ்வர ஐயர் இங்கிலீஷில் புத்தகமாக எழுதினார். அடுத்த வருஷம், 1903 அக்டோபர் 29-ந்தேதி சேஷையா சாஸ்திரி காலமானார். அப்போது அவருக்கு வயது 75.

எல்லை வரை வந்த காவிரி

அவர் மறைந்து 31 வருஷம் கழித்து 1934-ல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கல்லணையில் இருந்து புதிதாக வெட்டப்பட்ட கால்வாயில் காவிரித் தண்ணி அறந்தாங்கி பக்கம் வரை வந்தது. ஆனால் அறந்தாங்கி அன்று தஞ்சாவூர் மாவட்டம். பழைய சமஸ்தானத்துப் பூமி மேடு. தண்ணி மேட்டுக்கு ஏறவில்லை.

1948 மார்ச் 3-ந்தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14-ந்தேதி, பொங்கல் அன்று, அறந்தாங்கியையும் சேர்த்து புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. இன்றும் மாவட்டத்தில் கடைமடையில் ஆற்றுத் தண்ணி, மற்ற இடத்தில் கண்மாய்த் தண்ணி என்ற நிலைதான்.

இதை மாற்றத்தான் காவிரி-வைகை-குண்டாறு இணைப்புத் திட்டம் வந்தது. 2021 பிப்ரவரி 21-ந்தேதி விராலிமலை தொகுதி குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையில் இருந்து மொத்தம் 262 கி.மீ. தூரத்துக்குக் கால்வாய். மதிப்பீடு ரூ.14 ஆயிரத்து 400 கோடி. இதில் முதல் கட்டம் சுமார் 118 கி.மீ., தெற்கு வெள்ளாறு வரை. காவிரியில் வெள்ளம் வந்து கடலுக்குப் போகும் உபரித் தண்ணியைத் திருப்பி விடுவதுதான் திட்டம்.

உபரித் தண்ணி என்பதை விவசாயிகள் ஞாபகத்தில் வைக்க வேண்டும். அது வருஷம் 365 நாளும் ஓடாது. வெள்ளம் வரும் சில நாள்தான் ஓடும். அந்த நாட்களில் வருகிற தண்ணியைப் பிடித்து வைக்க இடம் வேண்டும். அந்த இடம் எது? அதே பழைய கண்மாய்கள்தான். மாவட்டத்தில் 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள் உள்ளன. கால்வாய் வாசலுக்கு வந்தாலும், கண்மாய் தூர்ந்து கிடந்தால் தண்ணி வந்த வழியே போய்விடும்.

இப்போதைய நிலவரம்

கண்மாய்கள் பலவற்றில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வரத்துவாரிகள் பல இடங்களில் வயலாகவும் வீடாகவும் மாறி விட்டன. தைலமரக் காடுகளில் வரப்பு போட்டு மழைத் தண்ணியை நிறுத்துவதால் கண்மாய்க்கு வரத்து இல்லை என்பது விவசாயிகளின் நீண்ட நாள் புகார். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு 1,000 அடி வரை போகிறது. போர் போட வாங்கிய கடனை அடைக்க முடியாமல் தவிப்பவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட பிறகு, கொத்தமங்கலம் உள்ளிட்ட ஊர்களில் இளைஞர்கள் சொந்தப் பணம் போட்டு, ஊரில் வசூலித்து, குளங்களைத் தூர் வாரினார்கள். தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்த நேரத்தில் அவர்கள் கையில் எடுத்தது குளத்து வேலையைத்தான்.

சேஷையா சாஸ்திரி செய்த வேலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆறு வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வருகிற வருமானத்தை முதலில் ஒழுங்கு செய்தார். இருக்கிற குளத்தைச் சீர் செய்தார். இல்லாத இடத்தில் புதிதாக ஏற்படுத்தினார். பஞ்சம் முடிந்து மழை பெய்த நல்ல வருஷங்களில்தான் இதைச் செய்தார் என்பது முக்கியம். மழை பெய்யும்போது குளத்தை மறப்பதும், காய்ந்த பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு மறியலுக்குப் போவதும் நமக்குப் பழகிப் போய்விட்டது.

இணைப்புக் கால்வாய் என்றைக்கு முழுசாக வந்தாலும் வரட்டும். வருஷா வருஷம் ஐப்பசி மழை வந்து கொண்டுதான் இருக்கிறது. அதற்கு முன்பாக ஆவணி, புரட்டாசியிலேயே அந்தந்த ஊர் வரத்துவாரியை வெட்டி விட்டால், கலிங்கையும் மடையையும் பார்த்து வைத்தால், பெய்கிற மழை ஊரிலேயே நிற்கும். பல்லவன்குளத்திலும் புதுக்குளத்திலும் 130 வருஷத்துக்கு முன்பு ஒரு திவான் செய்து காட்டிய வேலை இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது.